தேதிக்குக் காது கொடுக்காத சார்ட்

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வொனொசொபோவிலிருந்து வந்த பச்சை பஸ் செமாராங் டிப்போவுக்குள் நுழைந்தது. முன்வாசல் வழியாக பலுபி இறங்கினாள். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். மலையில் மொறுமொறுவென்று பொரித்த சோயாத் தெம்பே, நாலு மணி நேரப் பயணத்தில் நமுத்துப் போயிருக்கும். அது அவளுக்கும் தெரியும், வீட்டிலுள்ளவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கொண்டுவருவாள். அவர்களும் ஒவ்வொரு தடவையும் தின்று தீர்ப்பார்கள்.

கினாசி டிப்போ வாசலிலேயே காத்திருந்தாள். பலுபியின் தம்பி வாஸ்கிதோவுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது.

“வாங்க எம்பா,” என்றாள். ஜாவாவில் அக்காவையும் மூத்த நாத்தனாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

“இளைச்சுட்டே,” என்றாள் பலுபி.

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. நீங்க சொல்ற கணக்குக்கு இளைச்சிருந்தா இந்நேரம் நான் காத்துல பறந்திருப்பேன்.”

“பறந்துட்டா நம்ம பஸ்ல ஒரு டிக்கெட் குறையும். பாபக் கோவிப்பார்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாலை நாலு மணியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

நாலு மணிக்குக் குடும்பத்து பஸ் கம்பெனியில் ஒரு டிப்போவின் தலையெழுத்து முடிவாகப் போகிறது. புது டோல் ரோடு திறந்ததிலிருந்து சொந்தக் கார்களில் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். பத்து நாளைக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் பாபக், அதாவது அப்பா, என்று கூப்பிடும் மாமனார் மர்தோயோ, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: “நாலு டிப்போவை இனி தாங்க முடியாது. ஒண்ணை மூடணும். எதுன்னு நான் சொல்லமாட்டேன். லெபாரான் பண்டிகைக் கூட்டம் எங்கே குறைச்சலோ அது.”

“சரி பாபக்,” என்றார்கள் எல்லோரும்.

அந்த வீட்டில் அதற்கு வேறு பதில் கிடையாது. அவர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று யாரும் சொல்லிப் பழக்கமில்லை. ரொம்பவும் முடியாத விஷயமானால், “பிறகு பார்க்கலாம் பாபக்” என்பார்கள். அதுதான் ‘இல்லை’. அவரும் அதைப் புரிந்துகொண்டு, புரியாதவர்போல் இருந்துவிடுவார். கல்யாணமான புதிதில் கினாசிக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது அவளே அதில் தேர்ந்துவிட்டாள்.

வொனொசொபோ டிப்போ பலுபியுடையது. பேரில் இல்லை, உழைப்பில். இருபத்திரண்டு வயதில், “தம்பி காலேஜ் முடிக்கிற வரைக்கும் நீ பார்த்துக்கோ” என்று பாபக் அவளை மலைக்கு அனுப்பினார். தம்பி காலேஜ் முடித்தான், வேலைக்கு வந்தான், கல்யாணம் செய்துகொண்டான், இப்போது தொந்தியும் வைத்துவிட்டான். பலுபிக்கு நாற்பத்து நாலு வயது. இன்னும் டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் இரண்டு அறையில்தான் இருக்கிறாள்.

“நீ லெபாரான் ரெண்டாம் நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்கலை,” என்றாள் பலுபி, ஆபீஸ் படியேறும்போது. “தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.”

“உங்களை மாதிரி ஒரு மாணவி கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும். உங்க தம்பி இருக்காரே, தேதியை மாத்தச் சொன்னா தாலுகா ஆபீஸுக்குப் போற மாதிரி முழிக்கிறார்.”

‘அந்தப் பக்கம்’ என்றால் கினாசி கம்ப்யூட்டரில் உருவாக்கிய அறிக்கைப் பக்கம். யோக்யகர்த்தாவில் புள்ளியியல் படித்துவிட்டு வந்தவள், முதல் வருடமே அதைச் செய்து முடித்தாள். எந்த டிப்போவில் எத்தனை பேர் ஏறினார்கள், எந்த வண்டி காலியாக ஓடியது, எல்லாம் சார்ட்டுகளாக வரும். மேலே ஒரு தேதிக் கட்டம். அதில் தேதியை மாற்றினால் பக்கத்திலிருக்கும் ஏழு சார்ட்டும் சேர்ந்து மாறும்.

அந்தக் கட்டத்தில் அவள் செய்துவைத்திருந்த ஒரு வேலைதான் மாமனாரை மயக்கியது. நோன்புப் பெருநாளான லெபாரான் வருடா வருடம் பத்து, பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். போன வருடம் ஏப்ரல் இரண்டாம் வாரம். இந்த வருடம் மார்ச் கடைசி நாள். ஊர் திரும்பும் கூட்டமும் கூடவே நகரும். அதனால் இந்த ஏப்ரலைப் போன ஏப்ரலோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எனவே ‘லெபாரான்’ என்று ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் போதும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன், இரண்டு வாரம் பின் என்று இந்த வருடத்து நாலு வாரத்தையும் போன வருடத்து நாலு வாரத்தையும் அதுவே தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்.

“இந்தப் பொண்ணுக்கு பஸ் புரியுது,” என்றார் மர்தோயோ அன்றைக்கு. அந்த வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆபீஸில் வாஸ்கிதோ ஏற்கெனவே ஒரு தாளை அச்செடுத்து வைத்திருந்தான். டிப்போ வாரியான சார்ட். தலைப்பில் லெபாரான் என்று இருந்தது. செமாராங், மகெலாங், கெபுமென் மூன்றும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தன. வொனொசொபோ மட்டும் பதினோராயிரத்து நானூறிலிருந்து ஆறாயிரத்து நூறுக்கு விழுந்திருந்தது.

பலுபி தாளை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பாதி,” என்றான் வாஸ்கிதோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “நான் என்ன பண்ணட்டும், எம்பா?”

“உன்னை யாருடா என்ன சொன்னது? உட்காரு. தெம்பே சாப்பிடு.”

“சனிக்கிழமை காலை வண்டியில மூணாம் நம்பர் சீட்டை விக்காம வைக்கிறியே, அதை வித்திருந்தா இன்னும் அம்பது பேர் சேர்ந்திருப்பாங்க.”

“அதுல ஸ்பிரிங் போயிடுச்சு.”

“ஒன்பது வருஷமாவா?”

பலுபி தெம்பேவில் ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அவன் மென்றுகொண்டே சிரித்தான். தாளை மட்டும் கவிழ்த்து வைத்துவிட்டான்.

கினாசி இரண்டு பேரையும் பார்த்தாள். கணவனின் மேஜை இழுப்பறையில் சுருட்டிவைத்த ஒரு வரைபடம் இருப்பது அவளுக்குத் தெரியும். வொனொசொபோ டிப்போ இருக்கும் இடத்தில் பன்னிரண்டு அறை விடுதி. மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்காக. இரண்டு வருடமாக அதை மனதில் வைத்திருக்கிறான். டிப்போ போனால் விடுதி வரும்.

*

மதியம் இரண்டு மணிக்கு, மாலைக் கூட்டத்துக்காகப் பக்கத்தை ஒரு தடவை சரிபார்க்க உட்கார்ந்தாள் கினாசி. பழக்கதோஷம். ஒன்றும் தப்பாக இருக்காது என்றுதான் உட்கார்ந்தாள்.

மேலே மொத்தப் பயணிகள்: நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு.

கீழே டிப்போ சார்ட். நாலு பட்டைகளையும் மனதுக்குள் கூட்டினாள். முப்பத்தொன்பதாயிரத்து ஐநூறு.

மறுபடி கூட்டினாள். பிறகு கால்குலேட்டரில் தட்டினாள். எட்டாயிரத்து எழுநூறு பேரைக் காணோம்.

ஒரு பஸ்ஸில் ஒரு பயணி காணாமல் போனாலே கண்டக்டர் பாத்ரூம் கதவைத் தட்டுவான். இங்கே எட்டாயிரம் பேர்.

லெபாரானை எடுத்துவிட்டு ஜனவரியைப் போட்டுப் பார்த்தாள். ஆறு சார்ட் அசைந்தன. டிப்போ சார்ட் அசையவில்லை. ஜூலையைப் போட்டாள். அது அப்படியே நின்றது. எந்தத் தேதியைச் சொன்னாலும் தனக்கில்லை என்பதுபோல் நின்றது.

திரையைப் பெரிதாக்கினாள். சார்ட்டின் வலது மூலையில், எள்ளளவில், அறுந்த சங்கிலி மாதிரி ஒரு குறி. அச்செடுத்தால் அது விழாது. யாரோ அந்த ஒரு சார்ட்டை மட்டும் மேலே இருக்கும் தேதிக் கட்டத்திலிருந்து கழற்றி, அதற்கென்று தனியாக ஏப்ரல் மாதத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பக்கத்தின் தலையில் லெபாரான் என்று எழுதியிருக்க, அந்த சார்ட் மட்டும் இந்த ஏப்ரலையும் போன ஏப்ரலையும் காட்டிக்கொண்டிருக்கிறது.

போன ஏப்ரலில் முழுக் கூட்டமும் இருந்தது. இந்த ஏப்ரலில் பாதிக் கூட்டம், அதுவும் திரும்பிப் போகிற கூட்டம்தான். செமாராங்கில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். பண்டிகை எங்கே நகர்ந்தாலும் அதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வொனொசொபோ பண்டிகையில் பிழைக்கிற டிப்போ. ஏப்ரலை வைத்து அளந்தால் அதுதான் விழும்.

இது கை தவறி நடக்கிற காரியமில்லை. இணைப்பைக் கழற்ற வேண்டும், தனித்தேதி கொடுக்க வேண்டும், சேமிக்க வேண்டும். எந்த மாதத்தைக் கொடுத்தால் எந்த டிப்போ அடிவாங்கும் என்று தெரிந்த ஒருவர் செய்தது.

பக்கத்தைத் திருத்தும் உரிமை மூன்று பேருக்குத்தான் உண்டு. அவள் செய்யவில்லை. பலுபி தன் டிப்போவைத் தானே ஏன் குறைத்துக் காட்டப் போகிறாள்? மிச்சம் இருப்பது ஒருவர்.

திருத்தங்களின் பட்டியல் என்று ஒரு பொத்தான் உண்டு. யார், எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் வரும். கினாசி சுட்டியை அதன் மேல் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அழுத்தாமல் எழுந்துவிட்டாள்.

*

வாஸ்கிதோ பணிமனைக்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டிப்போ சார்ட் தப்பா காட்டுது,” என்றாள் கினாசி.

“எப்படி?”

சொன்னாள். அவன் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டான்.

“அப்ப வொனொசொபோ விழலையா?”

“விழலை.”

“சரி, யார் கழற்றினது?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். பத்து நிமிடம் முன்னால் வரை சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“நீங்களா?”

வாஸ்கிதோ டயரிலிருந்து காலை எடுத்தான்.

“நானா?” என்றான். கோபமில்லை, அதைவிட மோசமாக, சிரிக்கப் பார்த்தான். “போன மாசம் நான் தேதியைத் தொட்டதும் எல்லா சார்ட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்குப் போய் நின்னுச்சே, மறந்துட்டியா? அன்னைக்கு நம்ம கம்பெனியே இல்லை. அப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகலை. அந்தக் கைக்கா இவ்வளவு சாமர்த்தியம்?”

“விடுதி பிளான் இழுப்பறையில இருக்கு.”

“இருக்கு. அதுக்காக அக்கா காலடியில குழி வெட்டுவேனா?” குரல் தணிந்தது. “யார் செஞ்சதுன்னு அதுலயே பதிஞ்சிருக்கும்னு நீதானே சொல்லுவே. பார்த்தியா?”

“பார்க்கலை.”

“ஏன்?”

கேட்டதுமே அவனுக்கே புரிந்துவிட்டது.

“என் பேர் இருந்துடுமோன்னு,” என்றான். “அஞ்சு வருஷம் ஆச்சு, கினா.”

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிப் போய்விட்டான். துடைத்த கையில் கறை ஒன்றும் இல்லை என்பதைக் கினாசி கவனித்தாள்.

*

மாலை அசர் தொழுகை முடிந்து நாலு மணிக்கு வீட்டு முன்கூடத்தில் கூடினார்கள். மர்தோயோ பிரம்பு நாற்காலியில். பலுபி வழக்கம்போல் சுவரோரத்துத் தாழ்வான ஸ்டூலில். வாஸ்கிதோ ஜன்னல் பக்கம் நின்றான். கினாசி இருக்கும் திசையைப் பார்க்கவில்லை. சுவரில் பெரிய டிவி, அதில் அறிக்கைப் பக்கம். எல்லோர் முன்னாலும் சூடான இனிப்புத் தேநீர்.

“தாளைப் பார்த்தேன்,” என்றார் மர்தோயோ. “வொனொசொபோதான்னு தெரியுது. கஷ்டமா இருக்கு. ஆனா நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான்.”

“சரி பாபக்,” என்றாள் பலுபி. உடனே சொன்னாள். கொஞ்சம் சீக்கிரமாகவே.

கினாசி எழுந்து நின்றாள். இந்தக் கூடத்தில் அவள் இதுவரை கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்.

“அந்தத் தாள் தப்பு, பாபக்.”

மர்தோயோவின் தேநீர்க் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“நீ செஞ்ச பக்கம்தானே?”

“நான் செஞ்சதுதான். ஏழு சார்ட்டும் மேலே இருக்கிற தேதியைக் கேட்கணும். டிப்போவில விசில் ஊதினா எல்லா டிரைவரும் வண்டியை நிறுத்துற மாதிரி. இதுல ஒண்ணு மட்டும் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு நிக்காம போயிட்டிருக்கு. நாம லெபாரான்னு சொல்றோம், அது ஏப்ரலைக் காட்டுது.”

“ஏப்ரலா?” கிழவர் அரை நொடி யோசித்தார். வேறு யாருக்கும் விளக்கியிருக்க வேண்டும். ஐம்பது லெபாரானுக்கு வண்டி விட்டவருக்கு வேண்டியிருக்கவில்லை. “போன வருஷம் கூட்டம் ஏப்ரல்ல. இந்த வருஷம் மார்ச்லயே பாதி முடிஞ்சுபோச்சு.”

“ஆமா பாபக்.”

“பஞ்சை எடு.”

கினாசி அறுந்த சங்கிலியின் மேல் அழுத்தினாள். சேர்க்கவா என்று கேட்டது. சேர் என்றாள்.

சார்ட் ஒரு கணம் வெறுமையானது. பிறகு நாலு டிப்போவின் பட்டைகளும் கீழேயிருந்து எழும்பின. கெபுமென் ஏழாயிரத்து இருநூறில் நின்றது. மகெலாங் பத்தாயிரத்தைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டியது. வொனொசொபோ அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. போன வருடம் பன்னிரண்டாயிரத்து முந்நூறு. இந்த வருடம் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

முதலில் பேசியது வாஸ்கிதோ.

“செமாராங்குக்கு அடுத்தது அதுதான் பாபக். அதை மூடக் கூடாது.” அதற்குப் பிறகு கினாசியைப் பார்த்தான். இரண்டு வருட விடுதியை ஒரு வரியில் இடித்துவிட்ட முகத்தில் கர்வம் ஒன்றும் இல்லை.

கினாசி தலையைக் குனிந்துகொண்டாள். தரையில் விழுந்திருந்த தேநீர்த் துளியைக் கால்விரலால் தேய்த்தாள்.

“கெபுமென் விஷயத்தை நாளைக்குப் பேசலாம்,” என்றார் மர்தோயோ. குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. “வொனொசொபோ இருக்கும். பலுபி அங்கேயே இருப்பா. எனக்கு அதுதான் நிம்மதி.”

எல்லோரும் பலுபியைப் பார்த்தார்கள். அவள் கிளாஸை உதட்டருகே கொண்டுபோனாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

“சரி பாபக்,” என்றாள்.

காலையில் தாளைப் பார்த்ததிலிருந்து அந்த முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தது. இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண்கள் கினாசியின் மேல் ஒரு தடவை வந்து நின்றுவிட்டுப் போயின. அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

*

பலுபி சமையலறையில் மிச்ச தெம்பேவை வாணலியில் போட்டுச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கினாசி மடிக்கணினியோடு உள்ளே வந்தாள். மேஜையில் வைத்துத் திறந்தாள். இந்தத் தடவை சுட்டி தயங்கவில்லை. கணவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகுமுன், எதற்காகக் கேட்கிறோம் என்று முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

பட்டியல் வந்தது. கடைசித் திருத்தம், சற்று முன், கினாசி. அதற்கு முந்தினது, மே இரண்டாம் தேதி, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

பலுபி.

வாணலியில் எண்ணெய் பொரிந்தது.

“என் பேர்தானே இருக்கு?” என்றாள் பலுபி, திரும்பாமல்.

லெபாரான் இரண்டாம் நாள் கினாசிக்கு ஞாபகம் வந்தது. இதே மேஜை. தட்டில் பாதி தின்ற நாஸ்தர் பிஸ்கட். நாலு டிப்போ அதிகம் என்று பாபக் அப்போதே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். ஒரு சார்ட் மட்டும் தேதியைக் கேட்காமல் இருக்க வழி உண்டா என்று பலுபி சும்மா கேட்பதுபோல் கேட்டாள். இவள் பெருமையோடு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை செய்து காட்டினாள்.

“எம்பா, அது உங்க டிப்போ.”

“எனக்குத் தெரியாதா?”

“மூடிடுவாங்கன்னு தெரிஞ்சே…”

“மூடணும்னுதான்.” பலுபி அடுப்பை அணைத்தாள். “பாபக்கிட்ட போய், எனக்குப் போகணும், விடுங்கன்னு எப்படிச் சொல்றது? நீ சொல்லுவியா? இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ‘சரி பாபக்’னுதான் வெளியே வருது. டிப்போ இல்லேன்னா யாருக்கும் ‘இல்லை’ சொல்ல வேண்டாம். நான் ‘சரி’ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிருப்பேன்.”

“எங்கே?”

பலுபி நமுத்த தெம்பே ஒன்றை எடுத்தாள், மறுபடி தட்டிலேயே வைத்தாள்.

“லொம்போக் தீவு. சசோங்கோ சாருக்கு ஜூலையில அங்கே மாற்றல். தெமங்குங் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார்.” வாணலியை ஓரமாக நகர்த்தினாள். “சனிக்கிழமை மூணாம் நம்பர் சீட் அவருக்குத்தான்.”

கினாசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கூட வரியான்னு கேட்டார். ‘பிறகு பார்க்கலாம்’னேன். அவரும் ஜாவாக்காரர்தானே, ‘இல்லை’ன்னு எடுத்துக்கிட்டு ரெண்டு சனிக்கிழமை வரவே இல்லை. மூணாவது சனிக்கிழமை வந்து, ‘நிஜமாவே பிறகு பார்க்கலாமா’ன்னு கேட்டார்.” கூட்டத்துக்குப் பிறகு பலுபி முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். “நீ ரொம்ப நல்ல பொண்ணு, கினா. எனக்காகத்தான் எழுந்து நின்னே. தெரியும். இருந்தாலும் உன்னை இந்தக் கரண்டியால ஒண்ணு போடணும்னு இருக்கு.”

“போடுங்க. நான் சந்தேகப்பட்டது உங்க தம்பியை.”

“அடப்பாவி. அவனுக்குத் தேதி மாத்தவே தெரியாதே.”

“அதைத்தான் அவரும் சொன்னார்.”

இரண்டு பேரும் சிரிக்கிற மாதிரி இருந்தது. அதற்குள் முன்கூடத்திலிருந்து பிரம்பு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மர்தோயோ எதையும் உடனே கேட்கிறவர் இல்லை. தேநீர் முழுவதும் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் கேட்பார்.

“கினாசி.”

“இதோ பாபக்.”

“சார்ட்டுக்குத் தானாகக் காது அடைக்காது. பஞ்சு வச்சது யாருன்னு அந்தப் பெட்டியில இருக்குமாமே. வாஸ் சொன்னான். எடுத்துக்கிட்டு வா.”

திரையில் அந்தப் பேர் இருந்தது. மே இரண்டு, பத்து பன்னிரண்டு. மூடிவிடலாம். இணையம் வரவில்லை என்று சொல்லலாம். ‘பிறகு பார்க்கலாம் பாபக்’ என்று சொன்னால், அவர் புரிந்துகொண்டு, புரியாதவர்போல் இருந்துவிடவும் கூடும். பிறகு எல்லோரும் தெம்பே சாப்பிடுவார்கள். நாளைக் காலை முதல் வண்டியில் பலுபி மலையேறுவாள்.

கினாசி மடிக்கணினியின் மூடியில் கையை வைத்தாள்.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, வாணலிச் சூட்டோடு. பலுபி மடிக்கணினியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள், திறந்தபடியே. புடவைத் தலைப்பு மாதிரி தோளில் கிடந்த சமையலறைத் துண்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். கினாசிக்கு முன்னால் நடந்து முன்கூடத்துக்குப் போனாள்.

ஜன்னல் பக்கம் வாஸ்கிதோ திரும்பிப் பார்த்தான். சுவரோரத்து ஸ்டூல் காலியாக இருந்தது. பலுபி அதில் உட்காரவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“பாபக்,” என்றாள்.

‘சரி’ என்ற சொல் அதோடு வரவில்லை.